முடி மாத்திரை: நிறுத்திய பிறகும் போகாத பக்கவிளைவு நூத்துக்கு எத்தனை பேருக்கு?

கல்லுக்கட்டி மருந்துக்கடை (காரைக்குடி)

முகூர்த்த மாதம் நெருங்க நெருங்க, முடி கொட்டாம இருக்கச் சாப்பிடுற மாத்திரைச் சீட்டோட வர்ற பையன்கள் கூடிடுறாங்க. பெரும்பாலும் ஃபினாஸ்டரைடு 1 மி.கி., சிலருக்கு டுடாஸ்டரைடு 0.5 மி.கி. ஸ்ட்ரிப்பைக் கையில வாங்கிட்டு, பக்கத்துல தெரிஞ்ச முகம் இல்லைன்னு பார்த்துட்டு, மெதுவாக் கேட்கிறது ஒரே கேள்விதான்: "இதால வர்ற பாலுறவுத் தொந்தரவு மாத்திரையை நிறுத்தினாக்கூடச் சரியாகாதாமே, எத்தனை பேருக்கு அப்படி ஆகுது?"

என் கையில நாலு பதில் இருக்கு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டலை. மருந்தோட விவரத்தாள்ல 3.8 சதவீதம்னு இருக்கு. ஒரு ஆய்வு 1.4-ங்குது, அதே ஆய்வை வேற இடத்துல 0.8-னு எழுதியிருக்காங்க. வீடியோக்கள்ல பாதிப் பேருக்கு மேலங்கிறாங்க. இன்னும் சிலர் எல்லாம் மனசு செய்யுற வேலைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறாங்க.

கடையில வைக்க ஒரு பக்கத்துக்குத் தமிழ்ல குறிப்பு எழுதணும். எந்த எண்ணை எழுதுறது? இன்னொண்ணு, யார் எப்ப வாங்கினாங்கன்னு பில்லுல இருக்கு. அதை வச்சு நம்ம ஊர்க் கணக்கை நாமே எடுக்க முடியுமா?

தேவகோட்டை புள்ளியியல்

அண்ணே, அந்த நாலும் நாலு வேற கேள்விக்கான பதில். அதனாலதான் ஒட்டலை.

முதல்ல 3.8. இது மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது வந்த தொந்தரவு. 1997-ல ஃபினாஸ்டரைடு 1 மி.கி.க்கு அமெரிக்காவுல அனுமதி வாங்கின ஆய்வுகள்ல முதல் வருஷம் 945 பேர் நிஜ மாத்திரை சாப்பிட்டாங்க, 934 பேர் மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஆசை குறையறது, விறைப்பு வராம இருக்கறது, விந்து குறையறது, இதுல ஏதாவது ஒண்ணு இருக்குன்னு சொன்னவங்க நிஜ மாத்திரைப் பக்கம் 3.8 சதவீதம், வெறும் மாத்திரைப் பக்கம் 2.1 சதவீதம். வெறும் மாத்திரைக்கே நூத்துல ரெண்டு பேர் சொல்றாங்கங்கிறதைக் கவனிங்க. அது அந்த வயசு ஆம்பளைங்ககிட்ட எப்பவும் கொஞ்சம் இருக்கறது. ஆக, மருந்து கூட்டினது 1.7. இந்த ஆள் எண்ணிக்கைக்கு அதோட தடுமாற்றத்தை (தற்செயலா எண் கூடக்குறைய வர்ற அளவை) போட்டுப் பார்த்தா 0.2-லேர்ந்து 3.2 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். ஆயிரத்துக்கு 2 பேரா, 32 பேரான்னு அந்த ஆய்வால பிரிச்சுச் சொல்ல முடியலை.

நிறுத்தின பிறகும் தங்குதாங்கிறதுக்கும் 3.8-க்கும் சம்பந்தமே இல்லை. நிறுத்தினவங்களுக்குச் சரியாயிடுச்சுன்னு அந்தத் தாளே சொல்லுது. ஆனா நிறுத்தினவங்களை வருஷக்கணக்கா பின்தொடர்றதுக்காக வகுத்த ஆய்வு இல்லை அது. 2011-லயும் 2012-லயும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதே தாள்ல, நிறுத்தின பிறகும் தொடர்ந்ததா புகார் வந்திருக்குன்னு வரி சேர்க்க வச்சது. புகார் வந்ததுன்னுதான் இருக்கும், எத்தனை சதவீதம்னு இருக்காது. காரணத்தை நம்ம ஊர்ச் சரக்கை வச்சே சொல்றேன்.

ஆத்தங்குடிக் கல் போடுற பட்டறைக்கு வருஷத்துல 40 பேர் போன் பண்ணி "கல் வெடிச்சிடுச்சு"ங்கிறாங்கன்னு வைங்க. எத்தனை சதவீதக் கல் வெடிக்குது? சொல்லவே முடியாது. மொத்தம் எத்தனை கல் போச்சு, வெடிச்சும் போன் பண்ணாம விட்டவங்க எத்தனை பேர், தரை இறங்கி வெடிச்சது எத்தனை, இந்த மூணும் தெரியணும். புகார்ப் பெட்டி மேல் எண்ணை மட்டும்தான் தரும், கீழ் எண்ணைத் தராது. உலக சுகாதார நிறுவனத்தோட புகார்த் தொகுப்பை அலசி 2020-ல வந்த கட்டுரையில ஃபினாஸ்டரைடு சாப்பிட்டவங்க பேர்ல தற்கொலை எண்ணம், முயற்சி சம்பந்தமா 356 பதிவு இருந்தது. மத்த மருந்துகளோட ஒப்பிட்டா இது எதிர்பார்த்ததை விட அதிகம், அதுலயும் முடிக்காகச் சாப்பிட்ட இளவயசுக்காரங்ககிட்ட. எச்சரிக்கை மணியா எடுத்துக்கறதுக்கு இது சரியான சான்று. ஆனா உலகத்துல எத்தனை கோடிப் பேர் சாப்பிட்டாங்கன்னு தெரியாம 356-ஐ எதால வகுப்பீங்க? போதாததுக்கு, 2012-ல செய்தி பரவின பிறகு புகார் பதியறதும் கூடிடுச்சு.

"பாதிப் பேருக்கு"ங்கிறது எங்கேர்ந்து வருதுன்னா, தொந்தரவு இருக்கறவங்களையே தேடிச் சேர்த்து எடுத்த கணக்கெடுப்புலேர்ந்து. 2011-ல வந்த ஒரு ஆய்வுல 71 பேரும் தொந்தரவு நீடிக்குதுன்னு சொல்லி வந்தவங்க. அறிகுறி எப்படி இருக்கும், எவ்வளவு நாள் இருக்கும்னு அறிய அது உதவும். எத்தனை பேருக்கு வரும்னு அதுல கேட்கவே கூடாது. அரசு ஆஸ்பத்திரி எலும்பு வார்டுல நின்னு ஊர்ல எத்தனை பேருக்குக் கால் உடைஞ்சிருக்குன்னு எண்ற மாதிரி.

இனி 1.4-ம் 0.8-ம். ரெண்டும் 2017-ல வந்த ஒரே ஆய்வு, அமெரிக்காவுல ஒரு பெரிய மருத்துவமனைப் பதிவேடுகளை வச்சுப் பண்ணினது. ஃபினாஸ்டரைடோ டுடாஸ்டரைடோ எடுத்த 11,909 ஆண்கள்ல 167 பேருக்கு நிறுத்தின பிறகும் விறைப்புக் குறைபாடு நீடிச்சது. அதான் 1.4 சதவீதம். இதுல பிராஸ்டேட் வீக்கத்துக்காகச் சாப்பிட்ட வயசானவங்களும் சேர்த்தி. 42 வயசுக்குக் கீழ, ஒரு நாளைக்கு 1.25 மி.கி.க்கு மேல போகாதவங்களை மட்டும் பிரிச்சா 4,284 பேர்ல 34 பேர், அதாவது 0.8. உங்க கடைப் பையன்களுக்குப் பக்கத்துல வர்றது இந்த 0.8-தான். தடுமாற்றம் போட்டா ஆயிரத்துக்கு 5 அல்லது 6-லேர்ந்து 11 வரை.

அந்த 0.8-லயும் ரெண்டு ஓட்டை இருக்கு. மாத்திரையே சாப்பிடாத அதே வயசுப் பையன்களுக்கு எத்தனை பேருக்கு இப்படி வந்து நீடிக்கும்னு ஒரு பங்கு கழிக்கணும், அப்ப எண் குறையும். இந்தத் தொந்தரவை டாக்டர்கிட்ட வாய் திறந்து சொன்னவங்கதான் பதிவேட்டுல இருப்பாங்க, சொல்லாதவங்களைச் சேர்த்தா எண் கூடும். ரெண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்குது. எது பலமா இழுக்குதுன்னு அந்த ஆய்வுக்குள்ள இருந்து சொல்ல வழியில்லை.

சரி, ஒழுங்கா ஒரு ஆய்வு வச்சு முடிச்சிடலாமேன்னு தோணும். வெறும் மாத்திரைப் பக்கம் 2 சதவீதம், நிஜ மாத்திரைப் பக்கம் 3 சதவீதம்னு வச்சுக்கிட்டு, அந்த ஒரு சதவீத வித்தியாசத்தைப் பத்துக்கு எட்டுத் தடவையாவது பிடிக்கணும்னா ஒரு பக்கத்துக்குச் சுமார் 3,800 பேர் வேணும். நடந்தது 945-ம் 934-ம். அரை சதவீத வித்தியாசத்தைப் பிடிக்க இன்னும் பல மடங்கு வேணும். 2015-ல முடிக்கான ஃபினாஸ்டரைடு ஆய்வுகள் 34-ஐ எடுத்துப் பக்கவிளைவை எப்படிப் பதிஞ்சிருக்காங்கன்னு பார்த்தப்ப, போதுமான அளவுல பதிஞ்சது ஒண்ணுகூட இல்லை. 19 அரைகுறை, 12 போதாது, 3-ல பக்கவிளைவே எழுதலை. சரியான எண் கிடைக்காததுக்கு யாரோ மறைக்கிறாங்கன்னு முதல்ல நினைக்க வேண்டியதில்லை. அளக்கவே இல்லைங்கிறதுதான் பெரிய காரணம். இது வருத்தப்பட வேண்டிய விஷயம், ஏன்னா மருந்து வந்து 25 வருஷத்துக்கு மேல ஆச்சு.

சிவகங்கை தோல் மருத்துவர்

கணக்கு சரியாக இருக்கிறது. மருத்துவப் பக்கத்திலிருந்து சில விஷயங்களைச் சேர்க்கிறேன், குறிப்பு எழுதும்போது இவைதான் சறுக்கும்.

"நீடிக்கிறது" என்றால் எத்தனை நாள்? இதை முதலில் வரையறுக்காமல் சதவீதம் பேசிப் பயனில்லை. ஃபினாஸ்டரைடு நிறுத்தினால் ரத்தத்தில் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் (இந்த மருந்து குறைக்கும் ஆண் ஹார்மோன்) அளவு சுமார் இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். எனவே நிறுத்தி 3 மாதம் கழித்தும் இருந்தால் நீடிக்கிறது என்று வைப்பது நியாயம். டுடாஸ்டரைடுக்கு இது பொருந்தாது. தொடர்ந்து சாப்பிட்டவர் உடலில் அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 வாரம் ஆகும். முழுக்க வெளியேற ஆறு மாதம் என்று வையுங்கள். மூன்றாம் மாதத்தில் ஒருவர் தொந்தரவு சொன்னால் மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். இரண்டு மருந்துக்கும் ஒரே கடிகாரம் வைத்தால் டுடாஸ்டரைடின் எண் பொய்யாகப் பெரிதாகத் தெரியும்.

"மனசு செய்யும் வேலை" என்பது பற்றி. 2007-ல் பிராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மி.கி. கொடுத்த ஒரு ஆய்வில், பாலுறவுத் தொந்தரவு வரலாம் என்று சொல்லிக் கொடுத்தவர்களில் 43.6 சதவீதம் பேர் தொந்தரவு சொன்னார்கள்; சொல்லாமல் கொடுத்தவர்களில் 15.3. எதிர்பார்ப்புக்கு அவ்வளவு வலு உண்டு. ஆனால் அது மருந்து சாப்பிடும் காலத்தைப் பற்றியது. நிறுத்தி இரண்டு வருடம் கழித்துக் கஷ்டப்படுகிறவரிடம் இந்த எண்ணைக் காட்டி "உனக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்புவது தவறு. இந்த ஆய்வு அவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மனதால் வந்த விறைப்புக் குறைபாடும் அவருக்கு நிஜமான குறைபாடுதான், வைத்தியம் வேண்டும்.

காரண காரியம் மதிப்பிடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மருந்துதான் காரணமா என்று பார்க்க நரஞ்சோ அளவுகோலில் 10 கேள்வி. 9 அல்லது அதற்கு மேல் உறுதி, 5 முதல் 8 வரை அநேகமாக, 1 முதல் 4 வரை இருக்கலாம். நிறுத்தியதும் சரியானதா என்ற கேள்விக்கு ஆம் என்றால் 1 மதிப்பெண், திரும்பக் கொடுத்தபோது மறுபடி வந்ததா என்பதற்கு 2. நீடிக்கும் தொந்தரவுக்கு முதல் மதிப்பெண் இயல்பிலேயே கிடைக்காது. அவரிடம் மருந்தைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கவும் மாட்டோம். அதனால் நிஜமாகவே மருந்தால் வந்ததும் "இருக்கலாம்" என்ற தட்டிலேயே தங்கிவிடும். அந்தத் தட்டில் இருப்பதாலேயே புகார் பலவீனம் என்று எண்ணக்கூடாது.

தொடங்கும் முன் 10 நிமிடம் செலவழித்தால் பின்னால் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி குறையும். விறைப்பு பற்றிய ஐந்து கேள்விப் படிவம் இருக்கிறது, மொத்தம் 25 மதிப்பெண். 21 அல்லது அதற்குக் கீழே என்றால் ஏற்கெனவே குறைபாடு இருக்கிறது. அதைத் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். மனச்சோர்வு முன்பு இருந்ததா, அதற்கு மாத்திரை எடுக்கிறாரா என்று கேட்க வேண்டும்; மனச்சோர்வு மாத்திரைகளில் சிலவே நிறுத்திய பிறகும் பாலுறவுத் தொந்தரவை விட்டுச் செல்வதாகப் பதிவு உண்டு. ரத்த அழுத்த மாத்திரையும் பார்க்க வேண்டும். நம் பக்கம் முப்பது வயதிலேயே சர்க்கரை வருகிறது, மூன்று மாதச் சராசரி பார்க்காமல் விறைப்புக் குறைபாட்டை மருந்தின் தலையில் கட்டக்கூடாது. தொந்தரவு வந்த பிறகு என்றால் டெஸ்டோஸ்டிரோன் ரத்தம் காலை 8-லிருந்து 10-க்குள் எடுக்க வேண்டும். சாயங்காலம் எடுத்தால் இயல்பாகவே குறைவாகக் காட்டும்.

ஒன்றை மட்டும் குறிப்பில் பெரிய எழுத்தில் போடுங்கள். ஐரோப்பிய மருந்து முகமை 2025 மே மாதம் ஃபினாஸ்டரைடு மாத்திரைக்குத் தற்கொலை எண்ணம் ஒரு பக்கவிளைவு என்று உறுதி செய்தது. எத்தனை பேருக்கு என்ற இடத்தில் "தெரியவில்லை" என்றே வகைப்படுத்தியது. மனம் சோர்ந்தால், வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றினால் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். இரவு என்றாலும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். சதவீதம் தெரியும்வரை காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

கோட்டையூர் பார்மசி

அண்ணே, ரெண்டாவது கேள்விக்கு நான் வர்றேன். கடை பில்லை வச்சுக் கணக்கு எடுக்கலாம், ஆனா எங்க ஓட்டை விழும்னு தெரிஞ்சு எடுக்கணும்.

நோட்டுல ஒரு பக்கத்தை இப்படிக் கோடு போடுங்க: வரிசை எண் (பேர் வேண்டாம்), வயசு, மருந்து, மி.கி., தொடங்கின தேதி, தொடங்கும்போது ஐந்து கேள்வி மதிப்பெண், கடைசியா வாங்கின தேதி, நிறுத்தின தேதி, நிறுத்தி 3 மாசத்துல மதிப்பெண், 6 மாசத்துல மதிப்பெண். ஒரு வருஷம் கழிச்சுப் பாருங்க, "நிறுத்தின தேதி" கட்டம்தான் வரிசையா வெள்ளையா கிடக்கும். யாரும் வந்து "நிறுத்திட்டேன்"னு சொல்லிட்டுப் போக மாட்டாங்க. 30 மாத்திரைக்கு ஒரு தடவை வர்றவர் 45 நாளா வரலைன்னா நிறுத்தினதா குறிச்சுட்டுப் போன்ல கேட்கணும். அதுலயும் தப்பு வரும்: வேற கடையில, இல்ல ஆன்லைன்ல வாங்கியிருப்பார், மதுரைக்கு வேலைக்குப் போயிருப்பார்.

5 மி.கி. மாத்திரையை நாலாப் பிளந்து சாப்பிடுறவங்களைத் தனியாக் குறிங்க. கணக்குக்கு 1.25 மி.கி., ஆனா பிளேடால பிளந்தா நாலு துண்டும் ஒரே அளவா வராது, ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைச்சல். பிளந்த துண்டையும் தூளையும் கர்ப்பிணிகள் தொடக்கூடாதுங்கிறதையும் பில் கொடுக்கும்போதே சொல்லிடுங்க, ஆண் கருவோட உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். தலையில தேய்க்கிற ஃபினாஸ்டரைடு லோஷன்காரங்களுக்கும் தனிப் பக்கம். தேய்க்கிறதும் ரத்தத்துக்குப் போகும், எவ்வளவுங்கிறது அளவையும் தேய்க்கிற பரப்பையும் பொறுத்தது. தலையில தடவுற இன்னொரு முடி மருந்தான மினாக்சிடில் மட்டும் போடுறவங்களை இதோட சேர்க்காதீங்க, அது வேற வழியில வேலை செய்யுற மருந்து. முதல் ரெண்டு மாசம் முடி கொட்டுறது, தோல் அரிப்பு, முகத்துல முடி முளைக்கிறதுன்னு அதுக்கு வேற பட்டியல்.

இப்ப ஒரு உதாரணக் கணக்கு போடுறேன், நிஜ எண் இல்லை. 300 பேர் தொடங்கி 180 பேர் நிறுத்தினாங்க. போன்ல கிடைச்சது 120. அதுல 2 பேர் 3 மாசம் கழிச்சும் தொந்தரவு இருக்குங்கிறாங்க. 120-க்கு 2-னா 1.7 சதவீதம். கிடைக்காத 60 பேரும் நல்லா இருக்காங்கன்னு வச்சா 180-க்கு 2, 1.1 சதவீதம். அந்த 60 பேரும் கோபத்துல போனை எடுக்கலைன்னு வச்சா 62, அதாவது 34 சதவீதம். ஒரே நோட்டு, 1.1-லேர்ந்து 34 வரைக்கும் போகுது. அதனால போன்ல கிடைக்காதவங்க எண்ணிக்கையை ஒளிக்காம எழுதணும், கணக்கோட உயிர் அதுலதான் இருக்கு. பத்துக்கு ஒருத்தருக்கு மேல காணாம போனா சதவீதம்னு ஒண்ணை வெளிய சொல்லாதீங்க.

கேட்கிற விதமும் முக்கியம். "மாத்திரையால ஏதாவது பிரச்சினை வந்துச்சா?"ன்னு கேட்டா ஒரு எண் வரும், அதே ஐந்து கேள்வியை மறுபடி கொடுத்தா வேற எண் வரும். எல்லாரையும் ஒரே மாதிரி, முதல்ல கேட்ட அதே படிவத்துலதான் கேட்கணும். ஆச்சியோ அப்பச்சியோ போனை எடுத்தா விஷயத்தைச் சொல்லாம வச்சிடணும். கணக்கை வெளியிடுற எண்ணம் இருந்தா தொடங்குறதுக்கு முன்னாடியே ஒரு மருத்துவக் கல்லூரியோட சேர்ந்து நெறிமுறைக் குழு அனுமதியும் ஆள் ஒப்புதலும் வாங்கணும், பின்னால வாங்க முடியாது.

நோட்டு போட முடியலைன்னாலும் ஒண்ணு செய்யலாம். நீடிக்கிற தொந்தரவோட யார் வந்தாலும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குப் பதிவு அனுப்புங்க. 1800-180-3024 இலவச எண். நோயாளியோட பேர் முதலெழுத்து, சந்தேக மருந்து, என்ன ஆச்சு, அனுப்புறது யாரு, இந்த நாலும் இருந்தாத்தான் பதிவு செல்லும். நிறுத்தின தேதியைக் கட்டாயம் எழுதுங்க, அது இல்லாத பதிவு "நீடிக்கிறது"ங்கிற கணக்குக்குப் பயன்படாது.

கல்லுக்கட்டி மருந்துக்கடை (காரைக்குடி)

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. டாக்டரம்மா சொன்ன தற்கொலை எண்ண வரியும் 14416-ம் குறிப்போட தலையிலயே வந்திடும். எண்கள் பகுதியை இப்படி எழுதியிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க:

"முதல் வருஷம் மாத்திரை சாப்பிடும்போது 100 பேர்ல சுமார் 4 பேர் பாலுறவுத் தொந்தரவு சொல்றாங்க. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவங்கள்லயும் 2 பேர் சொல்றாங்க. நிறுத்தின பிறகும் 0.8 சதவீதம் பேருக்கு நீடிக்கும்."

தேவகோட்டை புள்ளியியல்

முதல் ரெண்டு வரி நல்லா இருக்கு அண்ணே. மூணாவது வரியில "நீடிக்கும்"னு போட்டா அது வாக்குறுதி மாதிரி ஆயிடும். 0.8-னு புள்ளி வச்சு எழுதினாலும் தராசுல நிறுத்த மாதிரி தோணும். இப்படி மாத்துங்க: "ஒரு பெரிய மருத்துவமனைப் பதிவேட்டில், 42 வயதுக்குக் கீழ் குறைந்த அளவு எடுத்த 1,000 பேரில் சுமார் 8 பேருக்கு நிறுத்திய பிறகும் விறைப்புக் குறைபாடு பதிவாகியிருக்கிறது. எல்லாமே மருந்தால் வந்ததா என்று அந்த ஆய்வால் பிரிக்க முடியவில்லை. டாக்டரிடம் சொல்லாதவர்கள் இதில் இல்லை."

ஆயிரத்துக்குன்னே எழுதுங்க. நூத்துக்கு முக்கால்னா யாருக்கும் மனசுல நிக்காது. அதே ஆய்வுல இன்னொண்ணும் இருக்கு: 205 நாளுக்கு மேல சாப்பிட்டவங்களுக்கு, அதுக்குக் கீழ சாப்பிட்டவங்களை விட, நீடிக்கிற ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு. தொந்தரவு தெரிஞ்சும் கல்யாணம் முடியட்டும்னு மாசக்கணக்கா இழுக்காம உடனே டாக்டர்கிட்ட போகணும்னு ஒரு வரி சேர்க்க அது போதும்.

சிவகங்கை தோல் மருத்துவர்

அந்தத் திருத்தத்தோடு போடலாம். கீழே டுடாஸ்டரைடுக்குத் தனி வரி வேண்டும்: நிறுத்தி 6 மாதம் ஆன பிறகே நீடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், ரத்ததானமும் அதுவரை கூடாது; ஃபினாஸ்டரைடு என்றால் ரத்ததானத்துக்கு ஒரு மாதம். நாற்பது தாண்டியவர்கள் யாராவது சாப்பிட்டால், பிராஸ்டேட் ரத்தப் பரிசோதனை எடுக்கும்போது இந்த மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பரிசோதனையில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவை இது பாதியாகக் குறைத்துக் காட்டும்.